மாற்று மருத்துவத்துக்குப் பணம் இல்லையா? கடன் வாங்கும் முன் தட்ட வேண்டிய கதவுகள்!

உங்கள் போனிலும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். வீங்கிய ஒரு கையின் போட்டோ, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் மங்கலான படம், கீழே ஒரு ஜி-பே நம்பர். ‘இங்கிலீஷ் மருந்து கைவிட்டுவிட்டது, சித்த வைத்தியத்தில் குணமாகும் என்கிறார்கள், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று நாலு வரி, கடைசியில் கைகூப்பும் எமோஜிகள். முன்பின் தெரியாதவருடையது என்றால் தள்ளிவிட்டுப் போகிறோம். தெரிந்தவருடையது என்றால் 500 ரூபாய் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் உறவினர் குரூப்பிலும் அப்படி ஒன்று வந்தது. போட்டோவில் இருந்தது என் பெரியம்மாவின் கை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியப்பா இறந்து ஏழு வருடங்கள் ஆகின்றன. பெரியம்மா ஜாக்கெட் தைத்துதான் வீட்டை ஓட்டினார். நான்கு வருடங்களுக்கு முன் விரல் கணுக்களில் வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை, பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பரிசோதித்த டாக்டர் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்றார். நம் ஊரில் முடக்குவாதம், சரவாங்கி என்று சொல்லும் நோய். உடலின் எதிர்ப்பு சக்தி தன்னுடைய மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

மெசேஜை எழுதியது அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை. சென்னைப் புறநகரில் இருக்கும் ஒரு தனியார் சிகிச்சை மையத்தில் (பெயர் இங்கே வேண்டாம்) 28 நாள் தங்கிச் சிகிச்சை எடுத்தால் ‘வேரோடு சரியாகும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு 1,60,000 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்துக்குத் தனி. இடத்தைப் பிடித்து வைக்க 10,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. மீதிக்குப் பெரியம்மாவின் கம்மலை அடகு வைப்பது, மகளிர் குழுவில் கடன் எடுப்பது, அப்புறமும் குறைவதற்கு உறவினர்கள். இதுதான் கணக்கு.

குரூப்பில் அன்றைக்கு நிறைய கைகூப்பல்கள் விழுந்தன. பணம் ஒரு வாரத்தில் 11,500 ரூபாய் வந்தது.

ஏன் அங்கே போகிறார்கள்?

‘படித்தவர்களே இப்படிப் போய் ஏமாறுகிறார்களே’ என்று சொல்வது சுலபம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. பெரியம்மா மூன்று வருடங்களாக அரசு பெரிய மருத்துவமனைக்குப் போய் வந்தவர். வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாப்பிட்ட அன்றும் மறுநாளும் குமட்டல், சோர்வு. ‘எத்தனை நாளைக்கு?’ என்று கேட்டதற்கு, ‘தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்’ என்று பதில். கூட்டத்துக்கு நடுவே அதற்கு மேல் விளக்கம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அதே நேரத்தில் யூடியூபில் ஒருவர் நிதானமாக, அன்பாக, நல்ல தமிழில் பேசுகிறார். வாதம், பித்தம், கபம் என்று அம்மாவும் பாட்டியும் சொன்ன வார்த்தைகள் வருகின்றன. அந்த நம்பருக்கு போன் செய்தால் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். “நான் சொன்னதை முழுசா கேட்டது அவங்கதான் கண்ணு” என்றார் பெரியம்மா. நாள்பட்ட நோயோடு இருப்பவர்களிடம் பேசினால் இதை அடிக்கடி கேட்கலாம். மருந்து தேடுவதற்கு முன்னால் அவர்கள் தேடுவது காது கொடுக்கும் ஒருவரைத்தான்.

சித்த மருத்துவத்தை நாடியதிலும் தவறு இல்லை. அது இந்த மண்ணின் மருத்துவம். ஐந்தரை ஆண்டுகள் படித்து பி.எஸ்.எம்.எஸ். பட்டம் வாங்கிய டாக்டர்கள் அரசு வேலையிலேயே இருக்கிறார்கள். பிரச்னை அந்த மையம் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருந்தது: “இங்கே சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.”

பெரியம்மா நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. மெசேஜில் வந்த போட்டோ அப்போது எடுத்ததுதான்.

முடக்குவாதத்தில் வீக்கம் அடங்காமல் நீடித்தால் மூட்டின் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. அரித்துப்போனதை எந்த மருத்துவத்தாலும் திரும்ப வளர்த்துக் கொடுக்க முடியாது. விரல் கோணிக்கொள்வது அதனால்தான். வாரம் ஒருமுறை மாத்திரை அந்த அரிப்பைத் தடுக்கத்தான் கொடுக்கப்படுகிறது. வலி நிவாரணி மாதிரி உடனே வேலை தெரியாது, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இந்த மாத்திரை பற்றி இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாகச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

குமட்டலுக்கும் வழி இருந்தது. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை சரியாகச் சாப்பிடுவது, டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுவது, ஊசியாகப் போட்டுக்கொள்வது என்று பல. பெரியம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் யூடியூபைத் திறந்திருக்கவே மாட்டாரோ என்னவோ.

‘வேரோடு குணம்’ என்று விளம்பரம் செய்யலாமா?

செய்யக் கூடாது. 1954-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ‘மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம்’ என்று பெயர். நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, ரத்த அழுத்தம், பக்கவாதம் என்று 54 நோய்களின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. இந்த நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. மூட்டுவாதமும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல்முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டுமே. மறுபடியும் செய்தால் ஒரு வருடம் வரை. அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் என்று சட்டத்தில் பேதம் இல்லை.

இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் தொடுத்த வழக்கில், பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு விளம்பரம் வெளியிட வேண்டி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் கேள்வி கேட்கவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம் தெருமுனை போஸ்டரையும் யூடியூப் வீடியோவையும் யார் தேடிப்போய்ப் பிடிப்பது? ஆகவே, ‘100 சதவிகிதம் குணம்’ என்ற வார்த்தை காதில் விழுந்தாலே பர்ஸை மூடிவிடுவதுதான் இப்போதைக்கு நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

அதே சிகிச்சை, வேறு வாசல்

அண்ணனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “அந்த மையத்தில் என்னென்ன கொடுப்பார்கள்?” என்பதுதான். சூரணம், மாத்திரை, பூசுவதற்குத் தைலம், தொக்கணம், ஒற்றடம், பத்திய உணவு என்று லிஸ்ட் அனுப்பினார். பத்திய உணவைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் அரசு வாசல் இருக்கிறது.

அதில் பெரியது தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ‘சானடோரியம்’ என்ற பெயரே அங்கே 1928-ல் ஆரம்பித்த காசநோய் சிகிச்சை நிலையத்தால் வந்தது. காசநோய்க்கு மாத்திரையே இல்லாத காலத்தில் நல்ல காற்றையும் ஓய்வையும் நம்பி ஆட்கள் வந்து தங்கிய இடம். அந்தப் பகுதியில்தான் 2005 செப்டம்பரில் இந்த நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதரின் பெயர். ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை நடத்திய அவர் ஒரு சித்த மருத்துவரும்கூட. பெயர்ப் பொருத்தம் சரியாகத்தான் அமைந்திருக்கிறது.

புறநோயாளியாகப் போனால் டாக்டரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். தொக்கணம், ஒற்றடம், பற்று, வர்மம், அட்டை விடல் போன்ற புற மருத்துவமும் உண்டு. மூட்டு நோய்களுக்கும், காளாஞ்சகப்படை என்று சித்தத்தில் சொல்லும் சோரியாசிஸுக்கும் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஜி.எஸ்.டி. சாலையிலேயே வந்துவிடலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

சென்னைக்குள்ளேயே அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. 1970-ல் தொடங்கியது. சித்தா, யுனானி, யோகா-இயற்கை மருத்துவம் எல்லாம் ஒரே வளாகத்தில். தெற்கே இருப்பவர்களுக்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1964-லிருந்து இயங்குகிறது. ஆயுர்வேதம்தான் வேண்டும் என்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு கல்லூரி மருத்துவமனை. ஹோமியோபதிக்கு மதுரை திருமங்கலம். கேரளா போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர்களும், கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலை 1924-லிருந்தே அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றை நடத்துகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவச சிகிச்சை உண்டு. சேர்வதற்குக் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் தூரம் என்றால், தாலுகா மருத்துவமனையிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. நிறைய பேருக்கு இது தெரியாது. மெயின் ஓ.பி. கூட்டத்தைத் தாண்டி, பெரும்பாலும் ஒரு மூலையில், மருந்து வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எந்த ஊரில் எந்த நாள் டாக்டர் இருப்பார் என்பதை 104-க்கு போன் செய்து விசாரிக்கலாம், இல்லை நேரில் போய் நர்ஸிடம் கேட்பது இன்னும் வேகம்.

பெரியம்மாவைத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனோம். அவரே எதிர்பார்க்காதது, அங்கே டாக்டர் கேட்ட கேள்விகள். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், பசி எப்படி, வலி வெயிலில் அதிகமா, குளிரில் அதிகமா என்று ஆரம்பித்து, கடைசியில், “என்னென்ன இங்கிலீஷ் மருந்து சாப்பிடுகிறீர்கள், சீட்டைக் கொடுங்கள்” என்றார். நிறுத்திவிட்டதாகச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “முதலில் அதைக் கொடுத்த டாக்டரைப் போய்ப் பாருங்கள். ரத்தம் டெஸ்ட் பண்ணிவிட்டு அவர் சொல்கிறபடி ஆரம்பியுங்கள். நான் கொடுக்கிற மருந்து லிஸ்ட்டையும் அவரிடம் காட்டுங்கள்” என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை யாரும் அழுத்தித் தேய்க்கக் கூடாது என்றும் சொன்னார். தனியார் மையத்தின் பேக்கேஜில் முதல் நாளிலிருந்தே இரண்டு வேளை தொக்கணம் இருந்தது!

இலவசம் என்பதற்காக எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. கூட்டம் உண்டு. உள்நோயாளியாகச் சேர உடனே படுக்கை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. தாலுகா சித்தா பிரிவில் சில சமயம் சில மருந்து இருக்காது, ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். அப்படி வெளியில் வாங்கியே தீர வேண்டும் என்றால், அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ் தயாரிப்புகளைக் கேட்கலாம். 1944-ல் நாட்டு வைத்தியர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இம்ப்காப்ஸ், திருவான்மியூரில் இருக்கிறது.

எதை வாங்கினாலும் டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளே இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் ‘வலிப்பொடி’களில் ஸ்டீராய்டு கலந்திருந்த சம்பவங்கள் உண்டு. இரண்டே நாளில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். பற்பம், செந்தூரம் வகைகள் உலோகமும் தாதுவும் சேர்ந்தவை. பதிவு பெற்ற டாக்டர் அளவு சொல்லாமல் தொடவே கூடாது, அதுவும் கல்லீரல், சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டிய மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள்.

சம்பளச் சீட்டில் ஒளிந்திருந்த உதவி

இந்தக் கதையில் எனக்கே ஆச்சர்யமாக இருந்த இடம் இது. அண்ணனின் சம்பளச் சீட்டைப் பார்த்தேன். ‘ஈ.எஸ்.ஐ.’ என்று ஒரு பிடித்தம். மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்தான், அதனால் அவர் அதைக் கவனித்ததே இல்லை. “பி.எஃப். மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நினைச்சேன்” என்றார்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. தொழிலாளி 0.75 சதவிகிதம், முதலாளி 3.25 சதவிகிதம் கட்டுகிறார்கள். தொழிலாளிக்கு மட்டுமல்ல, மனைவி, குழந்தைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் வரை சிகிச்சை உண்டு. பெற்றோருக்கு மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஜாக்கெட் தைத்துப் பெரியம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை! டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் இதில் வந்துவிடும். சில ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் ஆயுஷ் பிரிவும் இருக்கிறது. கம்பெனி ஹெச்.ஆரிடம் ஆதாரும் போட்டோவும் கொடுத்து அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொன்னோம். ‘இ-பெஹ்சான்’ அட்டையில் அவர் பெயர் ஏற இரண்டு வாரம் ஆனது. மூன்று வருடங்களாக அண்ணன் கட்டிக்கொண்டிருந்த காப்பீடு.

கான்ட்ராக்ட் வேலை, சூப்பர் மார்க்கெட் வேலை, பனியன் கம்பெனி, ஹோட்டல் வேலை என்று எதில் இருந்தாலும் இன்றைக்கே சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆயுஷ் சிகிச்சையையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமல். ஆனால் பொதுவாக, உள்நோயாளியாகக் குறைந்தது 24 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். சேரும் இடம் வெறும் ‘மையமாக’ இல்லாமல், பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவமனையாக இருக்க வேண்டும். ஐந்து படுக்கைகளாவது வேண்டும், தகுதியான டாக்டர் பொறுப்பில் இருக்க வேண்டும், தினசரிக் குறிப்பு எழுத வேண்டும். ‘புத்துணர்ச்சி சிகிச்சை’ என்று பில் போட்டால் கம்பெனி தட்டிக்கழித்துவிடும். பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தால் மூன்று வருடங்கள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால் அட்வான்ஸ் கட்டும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம், ‘இந்த மருத்துவமனை, இந்தச் சிகிச்சை, கிடைக்குமா?’ என்று ஈமெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். போனில் ‘கிடைக்கும் சார்’ என்று சொன்னது பிறகு எங்கேயும் நிற்காது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் அதில் உண்டு. மாற்று மருத்துவத்துக்கு அதை நம்பி இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மூட்டு ரொம்பவே சேதமானவர்களுக்கு அதுதான் பெரிய உதவியாக இருக்கும்.

சரி, அந்த 11,500 ரூபாய்?

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றார் எங்கள் சித்தப்பா. இலவச சிகிச்சைக்கும் செலவு இருக்கிறது என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பெரியம்மா தனியாக வர முடியாது. ஒவ்வொரு முறையும் அண்ணன் ஒரு நாள் லீவு போட வேண்டும், அன்றைய சம்பளம் போய்விடும். பஸ், ஆட்டோ, இரண்டு பேருக்குச் சாப்பாடு. பெயர் ஏறும்வரை வெளியில் எடுத்த ரத்தப் பரிசோதனை. விரல் கோணாமல் இருக்க இரவில் கட்டிக்கொள்ளும் ஸ்பிளின்ட். தண்ணீர்க் குடம் தூக்காமல் இருக்கச் சமையலறைக்கு ஒரு குழாய் இணைப்பு. கடைசியாகச் சொன்னது மருத்துவச் செலவே இல்லை என்று தோன்றலாம். மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அதைவிடப் பெரிய மருத்துவம் எதுவும் இல்லை.

இந்தப் பட்டியலை, தொகையோடு, அண்ணன் மறுபடியும் குரூப்பில் போட்டார். வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது, மீதி என்ன என்றும் எழுதினார். முதல் மெசேஜுக்குக் கைகூப்பிவிட்டுப் போன ஓர் அத்தை, “புதன்கிழமை எனக்கு வேலை இல்ல, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று எழுதினார். இன்னொருவர் குழாய் வேலையைத் தானே செய்து கொடுத்தார். 1,60,000 என்ற எண்ணைப் பார்த்தபோது எல்லோருக்கும் கை கட்டிப்போட்டதுபோல இருந்திருக்கிறது. தன் 500 ரூபாய் அதில் எங்கே ஒட்டும் என்று நினைத்திருப்பார்கள். பஸ் செலவு 480 ரூபாய் என்றால், கொடுக்கிறவருக்கும் அது கண்ணுக்குத் தெரிகிறது.

கிரவுட்ஃபண்டிங் தளங்களுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய தளங்கள் நோய்ச் சான்று, மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் செலவு மதிப்பீடு, அடையாள ஆவணம் எல்லாம் கேட்கும். பணத்தைப் பல சமயம் நேராக மருத்துவமனை கணக்குக்கே அனுப்பும். சில தளங்கள் கட்டணம் பிடிக்கும், சில கொடுப்பவரிடம் ‘டிப்ஸ்’ கேட்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் சேர்வதற்கு முன்பே படித்துவிட வேண்டும். ஒரு மையத்தால் முறையான மதிப்பீட்டுக் கடிதம்கூடக் கொடுக்க முடியவில்லை என்றால், அங்கே சேருவதைப் பற்றியே மறுபடி யோசிக்கலாம். ரிப்போர்ட்டுகளை வாட்ஸ்அப்பில் பரப்பும்போது ஆதார் எண், முகவரி, போன் நம்பர் தெரியும் இடங்களை மறைத்துவிடுங்கள். உங்கள் அம்மாவின் போட்டோவை எடுத்து வேறொருவன் தன் ஜி-பே நம்பரைப் போட்டுச் சுற்றவிடுவதும் நடக்கிறது.

எல்லாத் தனியார் வைத்தியரையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. மூலிகை விலை ஏறிவிட்டது, எண்ணெய் விலை ஏறிவிட்டது, தொக்கணம் செய்ய இரண்டு ஆட்களுக்கு நாள் முழுக்கச் சம்பளம் கொடுக்க வேண்டும். நியாயமாக நடத்தினாலும் தங்கிச் செய்யும் சிகிச்சைக்குச் செலவு ஆகத்தான் செய்யும். சின்ன ஊர்களில் 100, 200 ரூபாய் வாங்கிக்கொண்டு பொறுமையாகப் பார்க்கும் பட்டதாரி சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பதிவு எண் கேட்டால் கோபப்பட மாட்டார்கள், சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். என்ன மருந்து, எத்தனை நாள், பலன் இல்லாவிட்டால் எப்போது நிறுத்துவோம், நடுவில் கிளம்பினால் பணம் எவ்வளவு திரும்பும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர ஒருவர் தயங்கினால், அதுவே ஒரு பதில்தான்.

பெரியம்மா இப்போது இரண்டு இடத்துக்கும் போகிறார். வாரம் ஒருமுறை மாத்திரை திரும்ப ஆரம்பித்தாகிவிட்டது, ஃபோலிக் ஆசிடோடு. தாம்பரத்தில் எழுதிக் கொடுத்த சூரணமும் தைலமும் தொடர்கின்றன, இரண்டு டாக்டர்களுக்கும் தெரிந்தே. தாலுகா மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கைக்கு மெழுகு ஒத்தடம் கொடுக்கிறார்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு வந்திருக்கிறது. எந்த மருந்தால் என்று கேட்டால், “எல்லாத்தாலயும்தான், அந்தக் குழாயாலயும்தான்” என்கிறார். ஜாக்கெட் இன்னும் தைக்க முடியவில்லை. புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் வேலை மட்டும் எடுக்கிறார். வலது கை சுட்டுவிரலில் வந்த கோணல் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்மல் அடகுக்குப் போகவில்லை. 10,000 ரூபாய் அட்வான்ஸ் மட்டும் திரும்பி வரவில்லை. ‘ரீஃபண்ட் பாலிசி இல்லை’ என்றார்கள், பிறகு ‘மேனேஜர் லீவு’ என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அண்ணன் புகார் பதிவு செய்திருக்கிறார். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். அட்வான்ஸ் கட்டிய ரசீது, மாத்திரையை நிறுத்தச் சொன்ன வாட்ஸ்அப் ஆடியோ இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.